மாம்பழத்தைப் பங்கு கேட்ட சிறுமி: 'மீனா' தொடரும் இந்திய அசைவூட்ட வரலாற்றில் விடுபட்ட பக்கமும்

இந்தியத் தொலைக்காட்சியில் கார்ட்டூன் தொடர்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் ஒன்றைத் தொடக்கமாகக் கொள்கின்றனர். ஒன்று 2003. திருவனந்தபுரம் டெக்னோபார்க்கின் டூன்ஸ் நிறுவனம் உருவாக்கிய தெனாலிராமன் தொடர் அவ்வாண்டில் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வெளியானது. மற்றொன்று 2008. ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனத்தின் 'சோட்டா பீம்' அவ்வாண்டில் போகோவில் தொடங்கியது. இரண்டுமே தனியார் அலைவரிசைகள் உள்நாட்டுத் தயாரிப்புக்கு இடம்கொடுத்த தருணங்கள். அலைவரிசைகளின் வரலாற்றையே அசைவூட்டத்தின் வரலாறாகக் கொள்ளும் இவ்வழக்கத்தால், அதற்கு முன்பு நிகழ்ந்தவை அனைத்தும் 'முன்கதை' என்ற ஒற்றைப் பத்தியில் அடங்கிவிடுகின்றன.

அந்த ஒற்றைப் பத்திக்குள்ளும் பெரும்பாலும் இடம்பெறாத தொடர் 'மீனா'. 1993ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒளிபரப்பான இத்தொடரின் நாயகியை வடிவமைத்தவர் இந்தியர். இந்தி, வங்காளம், உருது, நேபாளி, ஆங்கிலம் என ஐந்து மொழிகளில் பேசிய அவள், பின்னர் மேலும் பல மொழிகளுக்குச் சென்றாள். தெற்காசியாவின் நான்கு நாடுகளில் ஒரு தலைமுறைச் சிறார் அவளை அறிவர். ஆயினும் அவள் எந்த அலைவரிசைக்கும் சொந்தமானவள் அல்லள். எந்த ஒரு மொழிக்கோ நாட்டுக்கோ மட்டும் உரியவளும் அல்லள். உரிமையாளர், மொழி, நாடு ஆகிய மூன்று தலைப்புகளின் கீழ் எழுதப்படும் வரலாற்றில் அவளுக்குரிய இடம் காலியாகவே இருக்கிறது. அவ்விடத்தை நிரப்பிப் பார்த்தால் இந்தியக் கார்ட்டூனின் வரலாறு வேறு விதமாகத் தோன்றும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

அரசின் வகுப்பறையில் பிறந்த கலை

இந்தியாவில் அசைவூட்டக் கலைக்கு நிலையான நிறுவன அடித்தளம் அமைந்தது 1956ஆம் ஆண்டில். மத்திய அரசின் திரைப்படப் பிரிவு அவ்வாண்டில் பம்பாயில் தனக்கென ஒரு கார்ட்டூன் படப் பிரிவை ஏற்படுத்தியது. பயிற்சியளிக்க வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய இவர், இந்தியாவில் மறைப்பணி செய்த குடும்பத்தில் பிறந்தவர். அப்பயிற்சியின் விளைவாக 1957இல் வெளிவந்த 'தி பான்யன் டீர்' என்னும் படம், கருவுற்ற பெண்மானுக்காகத் தன் உயிரைக் கொடுக்க முன்வரும் மானரசனின் ஜாதகக் கதையைச் சொல்கிறது. டிஸ்னியின் கைவண்ணமும் அஜந்தாவின் கோடுகளும் அதில் ஒன்றோடொன்று இணையவும் முரணவும் காணலாம்.

அந்தப் பயிற்சியில் சேர்ந்த இளைஞருள் ஒருவர் ராம் மோகன் (1931–2019). சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, மேற்படிப்புக்காகப் பம்பாய் சென்றவர், ஆய்வகத்தைவிட்டு வரைபலகைக்கு மாறினார். பிற்காலத்தில் சத்யஜித் ராயின் 'சத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில் இடம்பெறும் அசைவூட்டப் பகுதியை உருவாக்கியவரும், இந்திய அசைவூட்டத்தின் தந்தை என்று துறையினரால் அழைக்கப்படுபவரும் இவரே. மீனாவின் முகத்தை வரைந்ததும் இவர் கைதான்.

அரசு நிறுவனங்களில் பிறந்த இக்கலை தொடக்கம் முதலே ஒரு கடமையைச் சுமந்தது. குடும்பநலம், சிறுசேமிப்பு, தேசிய ஒருமைப்பாடு என ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பாடம் இருந்தது. இவ்வகையில் இன்றும் நினைவில் நிற்பது 'ஏக் அனேக் ஔர் ஏக்தா' (1974). விஜயா முளே இயக்க, பீம்சைன் வரைந்து அசைவூட்டிய இப்படத்தில், 'ஒன்று' என்றால் என்ன, 'பல' என்றால் என்ன என்று கேட்கும் சிறுவனுக்கு அவனுடைய அக்கா விளக்கம் சொல்கிறாள். வலையில் சிக்கிய பறவைகள் ஒன்றாகப் பறந்து தப்பும் பழங்கதையே அந்த விளக்கம். ஒருமைப்பாட்டுப் பாடமாகவே நினைவுகூரப்படும் இப்படத்தில் கற்பிப்பவள் ஒரு பெண்பிள்ளை என்பதைக் குறிப்பிடுவோர் குறைவு.

தூர்தர்ஷன் காலம்

1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. 1984 சூலையில் தொடங்கிய 'ஹம் லோக்' 156 பகுதிகள் ஓடியது. மெக்சிகோவின் மிகேல் சபிதோ உருவாக்கிய முறையைப் பின்பற்றி, கேளிக்கையின் வழியே சமூகக் கருத்தை உணர்த்தும் தொடராக அது திட்டமிடப்பட்டது. பின்னாளில் தகவல்தொடர்பியலில் 'கேளிக்கைவழிக் கல்வி' என்ற பெயரில் வளர்ந்த கோட்பாட்டுக்கு இந்தியாவில் பெரிய அளவில் நடந்த முதல் சோதனைகளுள் இதுவும் ஒன்று.

இந்தியாவின் முதல் அசைவூட்டத் தொலைக்காட்சித் தொடர் என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் 'காயப் ஆயா' 1986இல் வெளிவந்தது. சுத்தசத்வ பாசு இயக்கிய இத்தொடரின் நாயகன் காயப் ஒரு குறும்புக்காரப் பேய். எளியோருக்கு உதவுவதும் தீயோரை அலைக்கழிப்பதும் அவன் தொழில். அரசு அலைவரிசையின் பாடநெறிக்கு நடுவே குறும்பு தலைகாட்டிய இடம் இது. ஆனால் 'முதல்' என்ற சொல்லைத் தாண்டி இத்தொடர் குறித்து எழுதப்பட்டவை மிகச் சில. 'முதல்' என்னும் பட்டம் ஒரு படைப்புக்குச் செய்யும் தீங்கு அதுவே: பட்டியலில் இடம் கிடைக்கிறது, பார்வை கிடைப்பதில்லை.

தூர்தர்ஷனில் 1993இல் பெரும் வரவேற்பைப் பெற்ற கார்ட்டூன் மௌக்லியின் கதையான 'ஜங்கிள் புக்'. அது நிப்பான் அனிமேஷன் நிறுவனத்தின் ஜப்பானியத் தொடர். இந்திக்கென குல்ஸார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த தலைப்புப் பாடல் அதை உள்ளூர்ப் படைப்பாகவே மாற்றிவிட்டது. தோக்கியோவில் வரையப்பட்ட சிறுவன் இந்தியனாக நினைவில் நிலைத்தான். அதே ஆண்டில் திரைக்கு வந்த, பம்பாய்க்காரர் வரைந்த சிறுமி வரலாற்றுப் பட்டியலிலிருந்து நழுவினாள்.

மீனா உருவான விதம்

சார்க் அமைப்பு 1990ஆம் ஆண்டைப் பெண் குழந்தைகள் ஆண்டாகவும், 1991 முதல் 2000 வரையிலான காலத்தைப் பெண் குழந்தைகளின் பத்தாண்டாகவும் அறிவித்தது. யுனிசெஃப் நிறுவனத்தின் வங்கதேச அலுவலகத்தில் தகவல்தொடர்புப் பணியிலிருந்த கனடா நாட்டவரான நீல் மெக்கீ, இவ்வறிவிப்புக்கு உயிர்கொடுக்க ஒரு கார்ட்டூன் சிறுமியை உருவாக்கும் திட்டத்தை முன்னெடுத்தார். நார்வே அரசு நிதியளித்தது. ராம் மோகன் பாத்திரங்களை வடிவமைத்தார். ஹன்னா-பார்பெரா நிறுவனம் துணைநின்றது. தொடக்கப் படங்கள் மணிலாவில் இருந்த அதன் கிளையான ஃபில்-கார்ட்டூன்ஸ் கூடத்தில் உருவாயின. பின்னர் பணி ராம் மோகனின் மும்பைக் கூடத்துக்கு மாறியது.

இத்திட்டத்தின் தனித்தன்மை அதன் கள ஆய்வு. வங்கதேசம், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளின் சிற்றூர்களில் தாய்மார், தந்தையர், சிறார், ஆசிரியர் ஆகியோரிடம் வரைபடங்களும் கதைகளும் முன்கூட்டியே காட்டப்பட்டுக் கருத்துக் கேட்கப்பட்டன. அவ்வாறு கருத்துச் சொன்னோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்பது அத்திட்டம் குறித்த எழுத்துகளில் காணப்படும் எண். மீனாவின் முகம், உடை, வீடு, முற்றம் யாவும் இந்த உரையாடலில் செதுக்கப்பட்டவை. எந்த ஒரு நாட்டின், எந்த ஒரு சமயத்தின் அடையாளமாகவும் அவளுடைய தோற்றம் உறைந்துவிடாதபடி ராம் மோகன் கவனம் கொண்டார். மீனாவுக்கு ஏறக்குறைய ஒன்பது வயது. தம்பி ராஜூ, தங்கை ராணி, கிளி மிட்டு, தாய், தந்தை, பாட்டி ஆகியோர் சூழ்ந்த ஊர் அவளுடையது. அந்த ஊருக்கும் அதன் ஆட்சிமொழிக்கும் பெயரில்லை.

பெயரின் கணக்கு

நான்கு நாடுகளுக்கும் பொதுவான பெயரைத் தேடுவது சொற்பிறப்பியலும் அரசியலும் சந்திக்கும் இடம். இந்துப் பெயர் ஒன்று பாகிஸ்தானிலும் வங்கதேசத்திலும் அந்நியமாக ஒலிக்கலாம்; இசுலாமியப் பெயர் ஒன்று இந்தியாவிலும் நேபாளத்திலும் அவ்வாறே ஒலிக்கலாம். 'மீனா' இவ்விரு தடைகளையும் கடந்த பெயர். வடமொழியில் 'மீன' என்பது மீன். பாரசீகத்திலும் உருதுவிலும் 'மீனா' என்பது வண்ணக் கண்ணாடிப் பூச்சையும் மதுக்கிண்ணத்தையும் குறிக்கும். 'மீனாகாரி' என்னும் கைவினையின் பெயர் அதன் வழிவந்தது. திரையுலகில் மீனா குமாரி என்று புகழ்பெற்றவரின் இயற்பெயர் மஹ்ஜபீன் பானு என்பது, இப்பெயர் சமய எல்லையை எவ்வளவு எளிதாகக் கடந்தது என்பதற்குச் சான்று.

இங்குத் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு. வடமொழியின் 'மீன' என்பது திராவிட மொழிகளின் 'மீன்' என்ற சொல்லிலிருந்து கடன்பெறப்பட்டது என்பது மொழியியலாளர் பலரும் ஏற்கும் கருத்து. தென்னாட்டுச் சொல் ஒன்று வடமொழி வழியாகப் பயணித்து, பாரசீகச் சொல்லொன்றோடு ஒலியால் ஒன்றி, நான்கு நாடுகளின் சிறுமிக்குப் பெயராயிற்று. மரே எமனோவின் 'இந்தியா ஒரு மொழிப்பரப்பு' என்னும் புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்த ஆண்டும் 1956 என்பது ஆர்வமூட்டும் உடனிகழ்ச்சி. வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் நெடுங்காலம் அருகருகே வாழ்ந்ததால் ஒன்றன் இயல்பை மற்றொன்று ஏற்றன என்று அக்கட்டுரை வாதிட்டது. மொழிக் குடும்பங்களைக் கடந்த பொதுப் பரப்பு ஒன்று உண்டு என்ற அக்கருத்தைக் கதைகூறலில் செயல்படுத்திய முயற்சியாகவும் மீனாவைக் காணலாம்.

இரண்டு படங்கள்

முதலில் ஒளிபரப்பான படம் 'கவுன்ட் யுவர் சிக்கன்ஸ்'. வங்கதேசத் தொலைக்காட்சி 1993இல் இதனை வெளியிட்டது. மீனாவுக்குப் பள்ளிக்குச் செல்ல ஆசை. ஆனால் தம்பி ராஜூதான் பள்ளிக்குப் போகிறான். அவள் தன் கிளியைப் பள்ளிக்கு அனுப்புகிறாள். மிட்டு சன்னலருகே அமர்ந்து கேட்ட எண்களைத் திரும்பவந்து ஒப்பிக்க, மீனா எண்ணக் கற்கிறாள். கற்ற எண்ணைக் கொண்டு வீட்டுக் கோழிகளை எண்ணுகையில் ஒன்று குறைகிறது. திருடன் பிடிபடுகிறான். தந்தை மனம் மாறுகிறார்.

எளிய கதை, ஆனால் கிளியைப் பயன்படுத்திய விதம் கூர்மையானது. சுகசப்ததி முதல் பாரசீகத் தூதிநாமா வரை கதைசொல்லும் கிளிக்குத் தெற்காசியாவில் நெடிய மரபுண்டு. தமிழிலும் கிளிவிடு தூது உண்டு. அவற்றில் கிளி சுமந்துசெல்வது பெரும்பாலும் காதலையும் காமத்தையும் பற்றிய செய்தி. சுகசப்ததியில் கிளியின் வேலை, கணவன் ஊரில் இல்லாதபோது மனைவி வீட்டைவிட்டு வெளியேறாமல் கதைசொல்லித் தடுப்பது. இங்குக் கிளி வாய்ப்பாட்டைச் சுமந்துவருகிறது. சிறுமி வீட்டைவிட்டு வெளியே செல்ல வழிசெய்கிறது. பழைய கருவியின் பயன் முற்றிலும் தலைகீழாகிறது. எதையும் புரியாமல் ஒப்பிப்பதற்கு உவமையாகச் சொல்லப்படும் 'கிளிப்பிள்ளை'யே அறிவைக் கடத்தும் வழியாவது அப்படத்தின் நகைச்சுவையும் ஆகும்.

இரண்டாவது படம் 'டிவைடிங் தி மேங்கோ'. மரமேறி மாம்பழத்தைப் பறித்துவருபவள் மீனா; வெட்டிப் பங்கிடும்போது பெரிய துண்டு ராஜூவுக்குப் போகிறது. அவன் ஆண்பிள்ளை என்பதே காரணம். மீனா கேள்வி எழுப்புகிறாள். அக்காளும் தம்பியும் ஒரு நாள் தம் வேலைகளை மாற்றிக்கொள்கின்றனர். வீட்டு வேலைகள் அனைத்தையும் செய்து களைத்த ராஜூ, அன்று தன் அக்காளின் பசியை அறிகிறான். வேலை அதிகம், உணவு குறைவு என்ற கணக்கு பெற்றோருக்கும் புலப்படுகிறது.

இப்படத்தின் வலிமை அது எடுத்துக்கொண்ட பொருளின் அளவில் இருக்கிறது. தெற்காசிய வீடுகளில் பெண் குழந்தைகளின் ஊட்டக்குறைவு குறித்து அறிக்கைகள் பல உண்டு. படம் அவற்றில் எதையும் ஒப்பிக்கவில்லை. ஒரு பழம், ஒரு கத்தி, இரண்டு துண்டுகள் ஆகியவற்றை மட்டும் காட்டுகிறது. ஐந்து வயதுக் குழந்தையும் எது பெரிய துண்டு என்பதைக் கண்ணால் அறியும். படமாக வரைவதால் மட்டுமே கிட்டும் தெளிவு அது. ராஜூவைத் தீயவனாகக் காட்டாததும் குறிப்பிடத்தக்கது. அவன் பெற்ற சலுகை அவன் கேட்டுப் பெற்றதன்று, கொடுக்கப்பட்டது. அதனாலேயே அதை விட்டுக்கொடுப்பதும் அவனுக்கு இயல்கிறது.

குறைகள்

மீனாவைப் பாராட்டுவதோடு நின்றுவிடுவது ஆய்வாகாது. தொடரின் வாதமுறையில் ஒரு சிக்கல் உண்டு. பெண் கல்விக்கான நியாயம் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அதன் பயனைக் கொண்டே நிறுவப்படுகிறது. எண்ணத் தெரிந்ததால் கோழி மீண்டது, ஆகவே பள்ளி. கோழி திருடுபோகாத வீட்டில் மகளுக்குப் பள்ளி எதற்கு என்ற கேள்விக்கு அப்படத்திடம் விடையில்லை. கற்பது அவளுடைய உரிமை என்ற கூற்று, கற்பதால் குடும்பத்துக்கு இலாபம் என்ற கூற்றின் பின்னே மறைகிறது. வளர்ச்சித் திட்டங்களின் மொழி கதையின் மொழியை ஆளும் இடம் இது.

இரண்டாவது குறை ஆழமானது. மீனாவின் ஊரில் சாதி இல்லை. கிணற்றில் நீரெடுக்க யாருக்கு அனுமதி, பள்ளியில் யார் எங்கே அமர்கிறார்கள், கோழி வளர்க்கும் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது ஆகிய கேள்விகள் எழுவதில்லை. நான்கு நாடுகளுக்கும் பொருந்தும் ஊரை வரைய முற்படும்போது, அந்நான்கு நாடுகளிலும் வெவ்வேறு வடிவில் உள்ள கூர்மையான பிளவுகள் தேய்த்து மழுக்கப்படுகின்றன. சமயமும் அவ்வாறே. எவரையும் புண்படுத்தாத தோற்றத்துக்குக் கொடுத்த விலை, எவருடைய வாழ்வையும் முழுமையாகப் பிரதிபலிக்காமை. ஆண்–பெண் வேறுபாடு ஒன்றே அங்கு அநீதி. பள்ளி வாசலில் சாதியால் நிறுத்தப்பட்ட சிறுமிக்கு மீனாவின் கதை பாதிக் கதைதான்.

ஐந்து மொழிகளில் ஒரு வாய்

அசைவூட்டத்தில் பாத்திரத்தின் வாயசைவு ஒலியியலை அடிப்படையாகக் கொண்டது. உதடுகள் இரண்டும் ஒட்டுவதால் பகரமும் மகரமும், பல்லும் உதடும் கூடுவதால் வகரமும் பிறக்கின்றன என்பது தொல்காப்பியத்தின் பிறப்பியலும் காட்டும் செய்தி. ஓவியர் தம் வரைபலகையில் வைத்திருக்கும் வாயசைவு அட்டவணையும் இதே பாகுபாட்டைத்தான் பின்பற்றுகிறது: மூடிய உதடு, குவிந்த உதடு, விரிந்த உதடு, பல் படிந்த உதடு. மூடிய உதட்டை வரைந்துவிட்டால், மொழிமாற்றும் சொல்லிலும் அவ்விடத்தில் ப அல்லது ம வரவேண்டும். இல்லையெனில் பொருந்தாமை கண்ணுக்குத் தெரியும்.

ஹன்னா-பார்பெரா நிறுவனம் செலவைக் குறைக்க வளர்த்தெடுத்த சிக்கன அசைவூட்ட முறை இங்கு எதிர்பாராத பயனைத் தந்திருக்கும். அம்முறையில் உடல் அசையாது நிற்க, தலையும் வாயும் மட்டும் தனித்தாளில் வரையப்பட்டு மாற்றப்படும். யோகி கரடியின் கழுத்துப் பட்டி அந்த இணைப்பை மறைக்கவே வந்தது. சில பொதுவான வாய் வடிவங்களைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்தும் இம்முறை, எந்த மொழிக்கும் இறுக்கமாகப் பொருந்தாததால் எல்லா மொழிக்கும் ஓரளவு பொருந்துகிறது.

வாயசைவைவிடக் கடினமானது இலக்கணம். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். இந்தியிலும் உருதுவிலும் தூ, தும், ஆப் என மூன்று நிலை. வங்காளத்தில் துய், துமி, ஆப்னி. நேபாளியில் த, திமி, தபாயி. தமிழில் நீ, நீர், நீங்கள் என்னும் வரிசையை அறிந்தோருக்கு இதன் எடை புரியும். தந்தை மகளை எந்தச் சொல்லால் விளிக்கிறார், மகனையும் அதே சொல்லால்தான் விளிக்கிறாரா, மனைவி கணவனை எவ்வாறு விளிக்கிறாள், கணவன் திரும்ப எவ்வாறு விளிக்கிறான் ஆகிய ஒவ்வொன்றையும் மொழிபெயர்ப்பாளர் தீர்மானித்தே ஆகவேண்டும். சமத்துவத்தைப் பேசும் கதையில் இது சிறு செய்தியன்று. மாம்பழத்தின் இரு துண்டுகள் சமமான பிறகும், இரு பிள்ளைகளுக்கான முன்னிலைச் சொல் சமமில்லாமல் இருக்க இயலும்.

வினைமுற்றின் பால் காட்டும் இயல்பும் இவ்வாறே. இந்தியில் 'படிக்கிறேன்' என்று சொல்லும்போதே பேசுபவர் ஆணா பெண்ணா என்பதை வினைச்சொல் காட்டிவிடும். தன்மையிலும் பால் வெளிப்படும் மொழி அது. வங்காளத்தில் வினையும் பால் காட்டாது. 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடும் இல்லை, இரண்டுக்கும் ஒரே சொல். மொழியில் பால் வேறுபாடு இல்லையெனில் சமூகத்திலும் இராது என்று எண்ணுவோருக்கு மீனா நல்ல மறுப்பு. பால் காட்டாத வங்காளம் பேசும் ஊரிலும் பெரிய துண்டு ராஜூவுக்கே போனது. இலக்கணம் மறைத்ததைத் தட்டு காட்டிக்கொடுத்தது.

மாம்பழத்திலிருந்து லட்டுக்கு

பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த 'சோட்டா பீம்' இந்தியக் கார்ட்டூன் வணிகத்தை மாற்றியமைத்தது. உள்ளூர்ப் பாத்திரம் ஒன்று வெளிநாட்டுப் பாத்திரங்களை விற்பனையிலும் செல்வாக்கிலும் எதிர்கொள்ள முடியும் என்று அது நிறுவியதை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. அத்தொடரிலும் உணவு மையமானது. தோலக்பூர் சிறுவன் பீமுக்கு லட்டு உண்டால் வலிமை பெருகும். அந்த லட்டைச் செய்பவர் டுன்டுன் மௌசி. பல வேளைகளில் அதைப் பீமிடம் கொண்டுசேர்ப்பவள் அவருடைய மகள் சுட்கி. சுட்கி துணிச்சல் அற்றவள் அல்லள், சண்டையிலும் பங்குகொள்பவள். ஆயினும் பெண்கள் சமைத்து, சிறுமி எடுத்துக் கொடுக்க, சிறுவன் உண்டு வலிமை பெறும் இவ்வமைப்பை 'டிவைடிங் தி மேங்கோ' படத்தின் அருகில் வைத்துப் பார்த்தால், கேள்விக்கு உள்ளான ஒரு வழக்கம் மீண்டும் வேடிக்கையாகத் திரும்பிவந்திருப்பது தெரியும்.

இதற்கான காரணம் படைப்பாளரின் தனிப்பட்ட நோக்கத்தில் இல்லை. வணிகத் தொடருக்கு விற்கத்தக்க நாயகன் வேண்டும். புத்தகப் பையிலும் தண்ணீர்க் குடுவையிலும் அச்சிடத்தக்க முகம் வேண்டும். முடிவில்லாது நீளும் கதை வேண்டும். மீனாவின் கதை ஒவ்வொன்றும் ஒரு சிக்கலைத் தீர்த்து முடிந்துவிடும். அவளை உடைமையாக்கி ஒவ்வொரு கோடையிலும் மறுஒளிபரப்புச் செய்ய எந்த அலைவரிசைக்கும் வணிக நோக்கம் இல்லை. ராம் மோகன் பங்காற்றிய மற்றொரு படைப்பின் கதி இதற்கு ஒப்பீடாகும். யூகோ சாக்கோவின் முயற்சியில், ராம் மோகனும் இயக்குநருள் ஒருவராக இருந்து உருவான இந்திய–ஜப்பானிய இராமாயணத் திரைப்படம் மீனாவின் காலத்தது. அது மெருகேற்றப்பட்டு 2025 சனவரியில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இந்தியத் திரையரங்குகளில் வெளியாயிற்று. இதிகாசத்துக்கு மறுவருகை வாய்த்தது. கோழி எண்ணிய சிறுமிக்கு அத்தகைய மறுவருகை வாய்க்கவில்லை.

எனினும் மீனா முற்றிலும் மறையவில்லை. அவள் திரையைவிட்டு இறங்கி வேறிடங்களில் வாழ்கிறாள். உத்தரப் பிரதேசத்தின் அரசுப் பள்ளிகளில் சிறுமியர் கூடிப் பேசும் அமைப்புக்கு 'மீனா மஞ்ச்' என்று பெயர். பள்ளியைவிட்டு நின்ற தோழியின் வீட்டுக்குச் சென்று பெற்றோரிடம் பேசுவது அவ்வமைப்பின் பணிகளுள் ஒன்று. அம்மாநிலப் பள்ளிகளுக்காக வானொலித் தொடராகவும் அவள் வந்தாள். வங்கதேசத்தில் செப்டம்பர் 24 மீனா நாளாகக் கொண்டாடப்படுகிறது. கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்காக யுனிசெஃப் உருவாக்கிய 'சாரா' என்னும் சிறுமி அவளுடைய தங்கை போன்றவள். கார்ட்டூன் பாத்திரம் ஒன்று பொம்மையாகவும் பையாகவும் மாறுவது வழக்கம். கூட்டம் கூடும் மன்றமாக மாறியது அரிது. அசைவூட்ட வரலாறு விற்பனையை மட்டும் அளந்தால் இந்த வாழ்வு அதன் கணக்கில் வராது.

மாணவர்க்கு ஒரு களம்

மீனாவின் படங்கள் பல மொழிகளில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து நிமிட அளவினது. கார்ட்டூன் ஆர்வலர்க்கு ராம் மோகனின் கோடும் மணிலாக் கூடத்தின் வேகமும் இணையும் விதம் சுவை தரும். மொழியியல் மாணவர்க்கு இதைவிட எளிதில் கிட்டும் ஒப்பீட்டுத் தரவு அரிது: ஒரே காட்சி, ஒரே வாயசைவு, ஒரே கால அளவு, ஐந்து மொழிகள். விளிச்சொல், பணிவுநிலை, வினையின் பால், ஒலிக்குறிப்புச் சொல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஆராயலாம். வரலாற்று மாணவர்க்கு அரசு, பன்னாட்டு நிறுவனம், வணிகக் கூடம் ஆகிய மூன்றும் ஒரே வரைபலகையில் சந்தித்த ஆவணம் அது.

இந்தியக் கார்ட்டூனின் வரலாற்றை 2003இலோ 2008இலோ தொடங்குவோர் விட்டுவிடுவது பத்துப் பதினைந்து ஆண்டுகளை மட்டுமன்று. கார்ட்டூன் யாருக்காக, எதைச் சொல்வதற்காக என்ற கேள்வி வணிகத்தால் தீர்மானிக்கப்படுவதற்கு முன் கிராமத்து முற்றங்களில் ஆயிரக்கணக்கானோரிடம் நேரில் கேட்கப்பட்டது என்ற செய்தியையும் சேர்த்து விட்டுவிடுகின்றனர். அக்கேள்விக்கு அன்று கிடைத்த விடையில் குறைகள் இருந்தன. ஆனால் கேள்வி கேட்கப்பட்டது. அதற்குச் சான்றாக, வெட்டிய மாம்பழத்தின் சிறிய துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது ஏன் என்று கேட்கும் ஒரு சிறுமியின் படம் மிஞ்சியிருக்கிறது.